நடு வைத்தது

களியக்காவிளை. கீழே கோழிக்கடை,
மேலே முதல் மாடியில் அது.
படி திரும்பும்போதே உறுமல் கேட்டது.
பிறகு ஒரு 'டக்'.
பிறகு கோழிகள் மட்டும்.

கொச்சித் துறைமுக ஏலத்தில்
எடைக்கு வாங்கிய கார்.
சக்கரமில்லை. படியில் ஏறவில்லை என்று
சன்னல் கம்பியை அறுத்து
கயிறு கட்டி இழுத்தார்களாம்.
சிவப்பு பைபர் உடம்பில்
ஜப்பான் எழுத்தில் ஏதோ எச்சரிக்கை,
அதன்மேல் பாதி கிழிந்த லாட்டரி விளம்பரம்.

"ஆளு இல்லேன்னா ஆடுது" என்றார் பிரைட்சன்,
"ஆளு ஏறினா சாவுது. சவம், பேயாக்கும்."
பேய்க்கு ரேட் வேற என்றேன்.

முதலில் ப்யூஸ்.
கண்ணாடிக் குழாய் இருக்கவேண்டிய இடத்தில்
சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுருட்டி
வைத்திருந்தான் ஒரு புண்ணியவான்.
அவன் குடும்பத்தை மனதுக்குள் விசாரித்துவிட்டு
நாலு ஆம்பியர் போட்டேன்.
டிரான்ஸ்பார்மர் நூறு வோல்ட் சரியாகத் தந்தது,
கோழிக்கடை ப்ரீசர் ஓடும்போது தொண்ணூற்றாறு.
பரவாயில்லை, எல்லோரும் அப்படித்தான் வாழ்கிறோம்.

மல்லாந்து படுத்து சீட்டுக்கடியில் நுழைந்தேன்.
கிரீஸ், கரப்பான் முட்டை,
அன்னிய நாட்டுக் காசு ஒன்று,
இவற்றுக்கு நடுவே
குழந்தையைக் குளிப்பாட்டிய வாசனை.
பெல்ட் முழுக்க டால்கம் பவுடர்.

"கீச்சுன்னு சத்தம் வந்துது, அதான்" என்றார்
மேலிருந்து, தலை தெரியாமல்.

சத்தம் போய்விட்டது, பிடிப்பும்.
வெறும் சீட்டை இழுக்கும் பெல்ட்
ஆள் பாரம் வந்ததும் வழுக்குகிறது.
மோட்டார் சுற்றுகிறது, சீட் நகரவில்லை;
போர்டு இரண்டு நொடி பார்க்கிறது,
கையை விரித்துவிடுகிறது.
இதில் பேய் எங்கே?

ஸ்பிரிட்டால் துடைத்தேன். துணி கறுத்தது.
இன்னொரு துணி. அதுவும்.
டென்ஷன் போல்ட் அரைச் சுற்று,
பிறகு கால் சுற்று, பயந்து பயந்து.

இனி நடு.
சோதனைத் திரையில்
நூற்றிருபத்தெட்டு என்று நிற்கவேண்டிய எண்
தொண்ணூற்றொன்றில் துடித்துக்கொண்டிருந்தது.
சாய்ந்து கிடப்பதை நேரென்று நம்புகிறது.
பொட்டென்ஷியோமீட்டரின் கழுத்துத் திருகைத் தளர்த்தி
மயிரிழை, மயிரிழையாகத் திருப்பினேன்.
நூற்றுப்பத்து. நூற்றிருபது. தும்மல். நூற்றிநாற்பது.
மறுபடி.

நின்றது. ரசமட்டத்தை சீட்டில் வைத்தேன்:
குமிழி கிழக்கே ஒதுங்கியது.
தரையில் வைத்தேன்: அங்கும் கிழக்கே.
கட்டிடமே மேற்கே கேரளத்துப் பக்கம்
ஒரு விரல்கடை சாய்ந்திருக்கிறது.
"அது பில்டர் கணக்கு" என்றார் பிரைட்சன்.

விற்காத லாட்டரிச் சீட்டுக் கட்டொன்றை மடித்து
மேற்குக் காலுக்கடியில் செருகினேன்.
கோடி ரூபாய் முதன்முறையாக
ஒரு பாரத்தைத் தாங்கியது.

இப்போது வேண்டியது ஓர் எடை.
"எந்தா ஒரு ஒச்ச?" என்று படியேறி வந்தார்
செக்போஸ்ட் பிரசேனன்,
சட்டைப் பொத்தான்கள் எந்நேரமும் தெறிக்கலாம்.
தொண்ணூறு கிலோ, குறையாது.
உட்காருங்கள் சார் என்றோம் இருவரும் ஒரே நேரத்தில்.

உட்கார்ந்தார். உறுமியது.
'டக்' வருமென்று என் விரல்
அவசர சுவிட்ச்சின் மேலேயே இருந்தது.
வரவில்லை.
இடது வளைவில் இடதாக, வலதில் வலதாக
மொத்தப் பிரசேனனையும் தூக்கிச் சாய்த்தது.
தொப்பி விழுந்தது. எடுக்கவில்லை.
திரையில் ஒரு கடலோரச் சாலை,
குறுக்கே கம்பம், மேலே செக்பாயிண்ட்.
பழக்கத்தில் பிரேக்கை மிதித்தார்.

"நிக்காதீங்க சார், அதைத் தாண்டினா
கூடுதல் நேரம் குடுப்பான்" என்றார் பிரைட்சன்.

"தாண்டினாலோ?" என்றார்.
சிரித்துக்கொண்டே அமுக்கினார் ஆக்சிலேட்டரை.
கீழே சாலையில் ஒரு மணல் லாரி
வெகு நேரம் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

பில் எழுதினேன்:
ப்யூஸ், பத்து ரூபாய்.
பெல்ட் துடைத்தது, இருநூறு.
நடு வைத்தது, ஐந்நூறு.

"கடைசி ஐட்டம் என்னது மேடம்?
சாமான் ஒண்ணும் போடல்லியே?"